சத்தம் போடாத மெஷின்

1

போன தடவை நான் எழுதி அனுப்பியது ரொட்டியைப் பற்றி. அதற்கு முந்தின தடவை பனியில் வழுக்கி விழுந்ததைப் பற்றி. நம் சர்ச்சின் பங்குப் பத்திரிகையைக் கையில் எடுக்கிற சாந்தோம், மயிலாப்பூர் ஜனங்களுக்கு ஜெர்மனி என்றால் பனியும் ரொட்டியும் போதும் என்று நானே முடிவு கட்டி, வருஷத்துக்கு ரெண்டு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. எழுதச் சொன்னது என் அக்கா. எழுதாவிட்டால் என் முகத்தில் முழிக்காதே என்றும் சொல்லியிருக்கிறாள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் செல்வராஜ் அந்தோணி. ப்ரேமன் என்கிற ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை. டாக்டர் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் மாத்திரை அட்டையை நீட்டி "இது போடலாமா தம்பி" என்று கேட்கிற மாமாக்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை. நான் மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நாலாவது மாடி வார்டில் மானிட்டர்களுக்கு வருஷாந்தரச் சோதனை. கட்டில் பக்கத்தில் சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி இருக்குமே, நோயாளியின் விரலில் கிளிப் மாட்டி, நாடித்துடிப்பையும் ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனையும் நம்பராகக் காட்டுமே, அதுதான் மானிட்டர். நம்பர் இறங்கினால் அலறும். உண்மையில் அந்த அலறல்தான் அதன் வேலை. நம்பரை நாள் முழுக்க யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

கிளிப்பை என் விரலில் மாட்டிக் கழற்றினேன். திரை சிவந்தது. சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. பெட்டியைத் திருப்பினால், ஸ்பீக்கர் ஓட்டைகளுக்கு மேல் மூன்று மடிப்பு பிளாஸ்திரி. யாரோ ஒரு நர்ஸ் காது வலித்துப்போய் ஒட்டியிருக்கிறாள். உரித்து எடுத்தேன். விரல்களில் பசை ஒட்டியது.

இங்கே எது நடந்தாலும் படிவம். நடக்காமல் போனதற்கும் படிவம். 'நடந்திருக்கக்கூடிய அசம்பாவிதம்' என்று நாலு பக்கம். யாரையும் தண்டிப்பதற்கில்லை, கற்றுக்கொள்வதற்கு என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இதே மாதிரி நிகழ்வை இதற்கு முன் வேறு எங்காவது பார்த்ததுண்டா? ஆம் என்றால் எங்கே, எத்தனை கருவிகளில்?

பேனாவை வைத்துவிட்டுக் காபி குடித்தேன். திரும்பி வந்து 'இல்லை' என்கிற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். என் மேலதிகாரி அம்மாள் படித்துப் பார்த்து, உங்களுக்குக் கூர்மையான கண் என்று பாராட்டினாள். நான் நன்றி சொன்னேன்.

2

இனி சொல்லப்போவது பதினாறு பதினேழு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது ஆழ்வார்பேட்டையில் மாடியில் ரெண்டு அறை வைத்திருந்த ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். பைக்கின் பின்சீட்டில் டூல்ஸ் பெட்டியை ரப்பர் பெல்ட்டால் கட்டிக்கொண்டு நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போவேன். அதில் ஒன்று மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பெயர் வேண்டாம். இருபது கட்டில், ஒரு லிஃப்ட், சொந்தக்காரரான பெரிய டாக்டர். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி மெர்சி சிஸ்டர், நம் பங்குதான். இப்போது இல்லை, ஆண்டவரிடம் போய்விட்டார்.

ஒரு மாடிக்கு ரெண்டே நர்ஸ். நோயாளி புரண்டு படுத்தால் கிளிப் கழன்றுவிடும், மெஷின் அலறும். கை சில்லிட்டால் அலறும். எதுவுமே இல்லாமலும் அலறும். கூட இருக்கிற சொந்தக்காரர்கள் வராந்தாவில் வந்து சண்டைக்கு நிற்பார்கள். சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே குறைக்க மெஷின் விடாது. ஒரு காரணத்தோடுதான் விடாது என்பது படித்த எனக்குத் தெரியும்.

மெர்சி சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "செல்வராஜு, இது கத்துற கத்துல நல்லா இருக்கறவனுக்கும் நெஞ்சு வலி வந்துடும்பா. நாங்க ரெண்டு பேரு எத்தனை பக்கம் ஓடுவோம்? ஏதாவது பண்ணு."

பண்ணினேன். பின்பக்கம் நாலு ஸ்குரூ. உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து பஞ்சு வாங்கி, டானிக் பாட்டில் மூடியை வைத்துப் பேனாவால் வட்டம் போட்டு, அந்த அளவுக்குக் கச்சிதமாக வெட்டினேன். ஸ்பீக்கர் மேல் வைத்து, பழுப்பு நிறத் துணி டேப்பை நாலு மூலையும் சமமாக வரும்படி ஒட்டினேன். அரைகுறையாக வேலை செய்ய எனக்கு வராது. செய்தது அயோக்கியத்தனம், ஆனால் செய்த விதத்தில் ஒரு பிசிறு கிடையாது. மூடி, போட்டுப் பார்த்தேன். அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'அலாரம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். மெஷின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி நீல மையில் எஸ்.ஏ. என்று போட்டேன். மெர்சி சிஸ்டர் காபியும் தவலை வடையும் வரவழைத்துக் கொடுத்தார்.

செல்வராஜ் வந்தால் சத்தம் நிற்கும் என்று பேச்சுப் பரவிவிட்டது. அடையாறில் ஒரு இடம் கூப்பிட்டார்கள், ஆழ்வார்பேட்டையில் ஒரு இடம். மூன்று இடத்திலுமாகப் பதினொரு மெஷின். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை, அதனால் சொல்கிறேன்: வெட்கம் இல்லை, பயம் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

3

ஜெர்மனி வேலைக்கு மனுப் போட்டபோது பெரிய டாக்டர் அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். அதில் ஒரு வரி: இவர் பராமரித்த கருவிகளால் எங்களுக்கு ஒரு நாளும் தொல்லை இருந்ததில்லை. அந்த வரியை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அரசாங்க முத்திரை குத்தி, தூதரகத்தில் ஒரு நகல், வேலை அலுவலகத்தில் ஒரு நகல், ப்ரேமன் நகராட்சியில் ஒரு நகல் கொடுத்தேன். குடியுரிமைக்குப் போனபோதும் அதையே கேட்டார்கள். என் வீடு, கார், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு வரிமேல் நிற்கிறது.

மகள் லீனாவுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சின்ன வயதில் என் அக்காவிடம் அத்தை, அத்தை என்று போனைப் பிடுங்கிப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது ஸ்டெல்லா எப்படி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பதுபோலக் கேட்கிறாள். என் பேச்சு மட்டும் என்ன வாழ்கிறது. வந்த புதிதில் வார்டுக்குப் போய், மெஷினை ரெண்டு நாள் எடுத்துப் போகிறேன் என்பதற்குப் பதிலாக நோயாளியை எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், கட்டிலில் இருந்த கிழவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதை முன்னமே எழுதிவிட்டேன், விடுங்கள்.

ஸ்டெல்லா என் அக்கா. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஸ்கேலால் அடி வாங்கியிருப்பீர்கள். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான். தனியாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வாள்.

படிவத்தில் பொய்க் குறி போட்ட அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சொன்னாள்: "பித்தப்பையில கல்லாம்டா. வியாழக்கிழமை எடுத்துடறேன்னுட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. கொளத்துக்குப் பின்னால, நீ பாத்துக்கிட்டு இருந்தியே, அங்கதான்."

ஏன் அங்கே, அடையாறில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்க்கலாமே என்றேன்.

"உன் கை பட்ட மெஷினுங்கடா. போன வாரம் ஸ்கேனுக்குப் போனப்ப வார்டையும் பாத்துட்டு வந்தேன். ஒரு பெட்டில உன் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, எஸ்.ஏ.ன்னு. அதைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கட்டிலையே குடுங்கன்னு கேட்டு வச்சிருக்கேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். வாய் வரவில்லை. ஜெர்மனிக்குப் போனதும் உனக்கு நம்ம ஊரு ஆஸ்பத்திரியெல்லாம் கசக்குதா என்று திட்டிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

4

திங்கட்கிழமை நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண், கம்ப்ளெயின்டா சார், மெயில் போடுங்க என்றாள். இல்லையம்மா, மெஷின் பார்க்கிறவரிடம் பேச வேண்டும் என்றேன். அது இப்போது வெளி கம்பெனியாம். அந்தக் கம்பெனி நம்பரில் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்து தானாகத் துண்டித்துக்கொண்டது.

மெயில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். அலாரம் கேட்காது என்று எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கடைசியில் கோழைத்தனமாக, மானிட்டர் அலாரங்களை ஒருமுறை பார்க்கவும் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. இந்தக் காலாண்டு சர்வீஸ் முடிந்துவிட்டதாம். ரிப்போர்ட்டையும் இணைத்திருந்தார்கள். 'அலாரம் சரிபார்க்கப்பட்டது' என்றிருந்தது. நான் எழுதிய அதே ரெண்டு வார்த்தை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வருஷா வருஷம் அதையே எழுதிவந்திருக்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். லீனா வந்து என்ன என்று கேட்டாள், ஜெர்மனில். சொன்னேன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைப் பதினாறு வயதுப் பெண்ணிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடேன், ரெண்டு நிமிஷ வேலைதானே என்றாள். உனக்கு என்ன தெரியும், என் சான்றிதழ் என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. வருஷக்கணக்காக அவள் வாயில் வராத தமிழில் கேட்டாள்.

"அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டேன். லீவுப் படிவத்தில் 'நெருங்கிய உறவினரின் கடுமையான நோய்' என்று ஒரு பிரிவு உண்டு. யார் நெருங்கிய உறவினர் என்று பட்டியலும் உண்டு. கூடப்பிறந்தவர்கள் அதில் இல்லை. என்னை வளர்த்தவள் என்று எழுத அங்கே இடமும் இல்லை. சாதாரண லீவில் கிளம்பினேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகும் அக்காவுக்கு உண்மையைச் சொல்லவில்லை. நேரில் போய் யாருக்கும் தெரியாமல் பஞ்சை எடுத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போயிற்று.

5

வியாழக்கிழமை மத்தியானம் சென்னையில் இறங்கினேன். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதித் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். டாக்ஸிக்காரர் சுற்றிச் சுற்றிப் போனார். ஆபரேஷன் காலையிலேயே முடிந்து அக்காவை ரெண்டாம் மாடி வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

வார்டில் ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டிருந்தார்கள், வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் அந்த மெஷின். பிளாஸ்டிக் மஞ்சளாகப் போயிருந்தது. மேலே மினுங்க வேண்டிய விளக்கு உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். புது ஸ்டிக்கர்களுக்கு அடியில் ஓரமாக நீல மை, எஸ்.ஏ.

நர்ஸ் ஒரு சின்னப் பெண், பெயர் சுகன்யா. கோடியில் மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். வார்டு அமைதியாக இருந்தது. சீலிங் ஃபேன் சத்தம்தான். அவ்வளவு அமைதியான வார்டு எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆக்ஸிஜன் 96 காட்டியது. அக்காவின் கையைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. 94. தூக்கத்தில் ஒன்றிரண்டு இறங்கும், சகஜம். 93. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து ஏறியது. 91. தொண்ணூறுக்குக் கீழே போனால் அலறும், அலற வேண்டும். 89.

திரை சிவந்தது. சிவப்புக் கட்டம் விட்டு விட்டு மினுங்கியது. சத்தம் இல்லை. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன். உள்ளே ரொம்ப ஆழத்தில் ஏதோ கிணுகிணு என்றது. 87. சுகன்யா எழுதிக்கொண்டே இருந்தாள். 85.

அக்கா என்று கத்தினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். சுகன்யா ஓடி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவின் கன்னத்தில் தட்டி, அம்மா, மூச்சு இழுங்க, நல்லா இழுங்க என்று அதட்டி, ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினாள். டாக்டர் வந்தார். வேறு ஊசி போட்டார்கள். 88, 91, 95. கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து, நீ எப்படா வந்தே என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள். வலி ஊசியில் சிலருக்கு இப்படி மூச்சு மந்தமாகும், நல்லவேளை நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்றார் டாக்டர்.

எல்லாரும் போனபிறகு சுகன்யாவிடம் கேட்டேன், மெஷின் ஏன் கத்தவில்லை என்று. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இது கத்தாது சார். நல்ல மெஷின். மத்ததெல்லாம் தொணதொணன்னு கத்தும். அதான் வயசானவங்க, நல்லா தூங்கட்டும்னு இந்தக் கட்டில்ல போடுவோம். நான் சேர்ந்ததுலேர்ந்து அப்படித்தான்."

யாருக்கு அலாரம் அதிகமாகத் தேவையோ அவர்களாகப் பொறுக்கி எடுத்து அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள். அன்பினால்தான் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டிலில் இதற்கு முன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை தோன்றுகிறது. அவள் யோசித்தாள். "போன மழைக்கு ஒரு தாத்தா சார். ஹெர்னியா பண்ணிட்டு நல்லாத்தான் இருந்தாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனா, தூக்கத்துலயே போயிட்டாரு. அவங்க வீட்டுல அழுதாங்க, ஆனா நிம்மதியான சாவுன்னு எங்களுக்கெல்லாம் ஸ்வீட் குடுத்துட்டுப் போனாங்க."

அந்தத் தாத்தாவின் பெயரை நான் கேட்கவில்லை.

6

அக்காவுக்கு வேறு மெஷின் மாட்டச் சொல்லிவிட்டு ரஃபீக் பாய்க்குப் போன் செய்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய தெருவில் அவர் கடை. பழைய மருத்துவக் கருவிகளை நர்சிங் ஹோம்களிலிருந்து எடுத்து, கழுவித் துடைத்துச் சரிசெய்து, வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற தொழில். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைக்காத ஸ்பேர் எதுவானாலும் அவரிடம் இருக்கும். டூல்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அறுபது வயதிலும் முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம வந்துகீற? ஜெர்மனில குளிரு ஜாஸ்தியா?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பெரிய டாக்டரின் மகனான சின்ன டாக்டரிடம் மெஷின் பழுது என்று மட்டும் சொல்லி அனுமதி வாங்கி, டிரெஸ்ஸிங் ரூமில் வைத்துப் பிரித்தோம். அதே நாலு ஸ்குரூ. பழுப்பு டேப் கறுத்திருந்தது, ஆனால் நாலு மூலையும் விடாமல் பிடித்திருந்தது. உரித்தேன். பஞ்சு பீடிப்புகை நிறத்தில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாய், இது நான் வைத்தது என்றேன். இதே மாதிரி பதினொன்று வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் கையை நீட்டினார். பஞ்சை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் அங்கிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அடையாறு மெஷினு நாலு, ஆழ்வார்பேட்ட மூணு, அல்லாம் நான்தான் எடுத்தேன் நைனா. பிரிச்சிப் பாத்தா உள்ள இது கீது. வட்டமா, நீட்டா, டேப்பு போட்டு. கம்பெனிக்காரன் வச்சதுன்னு நென்ச்சேன். தூசி போவாம இருக்கறதுக்கு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பழைய பஞ்ச எடுத்துட்டு நானே புதுசு வச்சி மூடுனேன்."

அந்த ஏழுதானே பாய் என்றேன். மீதி மூன்று இதே நர்சிங் ஹோமில் இருந்தவை, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டன என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தார்.

"இல்ல நைனா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதே மாடல்ல வேற எடத்துலேர்ந்து வந்திச்சுல்ல, அதுல பஞ்சு இல்ல. எவனோ பிரிச்சி எடுத்துட்டான் போலன்னு அதுக்கும் வச்சேன். வந்ததுக்கெல்லாம் வச்சேன். வாங்குனவன் எவனும் குறை சொல்லல. சத்தமில்லாத நல்ல மெஷினு பாய்னு மறுபடி கேட்டு வாங்கினு போனான்."

எவ்வளவு, எங்கே என்று கேட்டேன். எவ்வளவு என்று எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. பஸ்ஸில் போட்டு அனுப்பியது உண்டு, லாரியில் போனது உண்டு. வாங்கியவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்ததும் உண்டு. அவர் தப்பே இல்லை. ஒழுங்காகச் செய்த வேலை மாதிரி இருந்ததால் நம்பினார். டானிக் பாட்டில் மூடி வைத்து வட்டம் போட்டவன் நான். கோணல்மாணலாக அடைத்திருந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பார்.

பஞ்சில்லாமல் மூடிப் போட்டுப் பார்த்தோம். மெஷின் அலறிய அலறலில் மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

7

சின்ன டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா காலத்து விஷயம் அங்கிள், இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது, மெஷினைத்தான் மாற்றிவிடலாமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், டீயும் வரவழைத்தார். தாத்தாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்க முடியுமா என்றேன். முடியாது என்று எழுந்துவிட்டார்.

அக்காவிடம் மறுநாள் காலையில் சொன்னேன். இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சின்னவனாக இருந்தபோதும் அடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் ஜன்னலைப் பார்ப்பாள்.

"உன் ஸ்டிக்கரைப் பாத்துட்டு நான்தான் அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்குனேன்" என்றாள். அப்புறம், "மொத்தம் எத்தனை?"

தெரியவில்லை அக்கா என்றேன்.

"கணக்கு டீச்சர் தம்பி. தெரியலைன்னு பதில் சொல்றான்." அவள் கண் கலங்கிவிட்டது. அதை நான் ரொம்ப வருஷமாகப் பார்த்ததில்லை. "பாவசங்கீர்த்தனம் பண்ணி முடிச்சிக்கலாம்னு பாக்காதே. ஃபாதர் மன்னிப்பு குடுத்தா அந்த மெஷினுங்க கத்துமா? எழுது. நம்ம பத்திரிகையில உன் பேரைப் போட்டு எழுது. யாரு எங்க படுத்திருக்காங்களோ."

ப்ரேமன் திரும்பியதும் மேலதிகாரி அம்மாளிடம் போய், அந்தப் படிவத்தில் நான் பொய் சொன்னேன் என்றேன். அவள் வேறு படிவம் எடுத்துக் கொடுத்தாள். ஆம் என்று குறித்தேன். எங்கே: சென்னை. எத்தனை கருவிகள் என்கிற கட்டத்தில் தெரியாது என்று எழுதினேன். அதில் எண் மட்டும்தான் எழுதலாம், கம்ப்யூட்டர் ஏற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. என் வேலையைப் பற்றி மேலே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். லீனா தினமும் என்ன ஆச்சு என்று கேட்கிறாள், தமிழில். ரஃபீக் பாய் பழைய போன் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார். நேற்றுவரை நாலு மெஷின் கிடைத்திருக்கிறது. நாலிலும் பஞ்சு இருந்தது.

நீங்கள் யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பீர்கள். வார்டு அமைதியாக இருக்கும், உங்களுக்கும் கண்ணை இழுக்கும். தூங்குவதற்கு முன்னால் நர்ஸைக் கூப்பிட்டு, அந்த விரல் கிளிப்பை ஒரு நிமிஷம் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, கேளுங்கள். கழற்றியதும் மெஷின் கத்த வேண்டும். மேஜையில் இருக்கிற நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் வேறு மெஷின் மாட்டும்வரை விடாதீர்கள். பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். நீல மையில் எஸ்.ஏ. என்று இருந்தால் அது நான்.

இல்லாவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். ரஃபீக் பாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் கிடையாது.